கலையரங்கம் கட்டித்தர ஒருவர் முன்வந்திருக்கிறார்; அதை நடத்தும் செலவுக்கு யார் பொறுப்பு?

சோகநாசினிக்கரை (சித்தூர், பாலக்காடு மாவட்டம்):

சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சி எல்லைக்குள் எங்கள் தமிழ் வாசகசாலையும் அதை ஒட்டிய இசை நாடக மன்றமும் நெடுங்காலமாக உறுப்பினர் சந்தாவில் நடந்து வருகின்றன. இவ்வூரில் பிறந்து சிங்கப்பூரில் தொழில் செய்யும் அன்பர் ஒருவர், தம் தாயார் பெயரில் முந்நூறு பேர் அமரக்கூடிய கலையரங்கம் ஒன்றைத் தம் சொந்தச் செலவில் கட்டித்தர முன்வந்திருக்கிறார். இடம் கொடுக்க நகராட்சியும் இணங்கும் போலிருக்கிறது. செயற்குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். எனக்கு மட்டும் ஒரு தயக்கம் இருக்கிறது. பக்கத்து ஊர் ஒன்றில் இப்படிக் கட்டித்தரப்பட்ட அரங்கத்தில், திறப்புவிழாக் கல் இன்னும் பளபளவென்று இருக்க, கட்டணம் செலுத்தாததால் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, மேடையின் மரப்பலகைகளைக் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது. கட்டடத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே நன்கொடையாளர், நகராட்சி, மன்றம் ஆகிய மூன்று தரப்புக்கும் இடையே எத்தகைய ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும் என்பதை விவரமறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கல்பாத்திவாசி (பாலக்காடு):

உங்கள் தயக்கம் சரியானது. கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பார். காவலாளியின் சம்பளத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. ஆகவே கட்டடத்தொகையோடு, வட்டியை மட்டும் எடுத்துச் செலவிடும் மூலநிதி ஒன்றையும் அவரிடமே கேளுங்கள். இது நம் பக்கத்துக்குப் புதிய வழக்கமும் அல்ல. 1425-ஆம் ஆண்டு காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்த லட்சுமி அம்மாள், கல்பாத்தி விசுவநாதர் கோயிலை எழுப்பச் செய்ததோடு, அதன் நடப்புச் செலவுக்காக 1320 பொற்காசுகளையும் ஒப்படைத்தார் என்றுதான் கோயில் வரலாறு சொல்கிறது.

மூலநிதி மட்டும் இருந்தால் போதாது, ஊரும் கையெழுத்திட வேண்டும். அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் உலகெங்கும் 2,509 நூலகங்கள் எழுந்தன. அவர் கட்டடத்துக்குப் பணம் தருவதற்கு முன் விதித்த நிபந்தனை இதுதான்: நிலத்தை ஊர் கொடுக்க வேண்டும், தாம் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்காக ஊர் நிர்வாகம் ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதாவது, ஐம்பது லட்சத்தில் ஓர் அரங்கம் கட்டினால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ஊர் தர வேண்டும் என்ற கணக்கு. அதை நகராட்சியிடம் அப்படியே கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் அந்தக் கணக்கிலிருந்துதான் பேரத்தைத் தொடங்க வேண்டும்.

வாசகசாலைப் பகுதியைத் தனியாகப் பதிவுசெய்து, மாநில நூலகக் கவுன்சிலில் இணைத்துவிடுங்கள், ஏற்கெனவே இணைத்திருந்தால் நல்லது. கேரளத்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டட வரியோடு வசூலாகும் ஐந்து விழுக்காட்டு நூலக வரி கவுன்சிலுக்குப் போய், தர வரிசைப்படி ஆண்டு மானியமாக உள்ளூர் நூலகங்களுக்குத் திரும்பி வருகிறது. நூலகத்தை நடத்துவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த குழு, செலவில் ஒரு பங்கு ஊர் மக்களின் வரி. தமிழ்நாட்டில் வரி இதைவிடக் கூடுதல்தான், ஆனால் நிர்வாகம் முழுவதும் அரசுத் துறையின் கையில் இருப்பதால், உள்ளூர்க்காரருக்குத் தம்முடையது என்ற எண்ணம் அவ்வளவாக வருவதில்லை என்பது என் கருத்து.

நீவாநதி (சித்தூர், ஆந்திரம்):

தலைப்புக்குக் கீழே சித்தூர் என்று கண்டதும் எங்கள் ஊர்ச் செய்தி என்று எண்ணி உள்ளே வந்துவிட்டேன். வந்ததற்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

நிலமும் கட்டடமும் யார் பெயரில் இருக்கப்போகின்றன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். என் மகள் அமெரிக்காவில் டெட்ராய்ட் அருகே இருப்பதால் அந்நகரத்துக் கதை எனக்குத் தெரியும். 2013-இல் அந்த மாநகராட்சி திவாலானபோது, அங்குள்ள புகழ்பெற்ற கலைக்கூடத்தின் ஓவியங்கள் நகரத்தின் சொத்து என்பதால், அவற்றை விற்றுக் கடனை அடைக்கச் சொல்லிக் கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். ஒருபுறம் ஓவியங்கள், மறுபுறம் ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் ஓய்வூதியம். அறக்கட்டளைகள் 36 கோடி டாலருக்கு மேல் தருவதாக உறுதியளித்தன. மாநில அரசு ஏறத்தாழ 19 கோடியும், கலைக்கூடம் தன் புரவலர்களிடம் திரட்டி 10 கோடியும் தர ஒப்புக்கொண்டன. அந்தப் பணம் ஓய்வூதிய நிதிக்குப் போயிற்று; அதற்கு ஈடாகக் கலைக்கூடம் மாநகராட்சியின் கையிலிருந்து தனி அறநிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே சுற்றியுள்ள மூன்று மாவட்ட மக்கள் கலைக்கூடத்துக்கென்று தனிச் சொத்துவரி ஒன்றை வாக்களித்து ஏற்றிருந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிலுக்கு அவர்களுக்கு நுழைவுக்கட்டணம் கிடையாது. உங்கள் ஊரில் நிலம் நகராட்சியுடையதாக இருக்கட்டும். நீண்டகாலக் குத்தகையில் அரங்கத்தை நடத்தும் உரிமை, மன்றம் அமைக்கும் தனி அறக்கட்டளையிடம் இருக்கட்டும்.

கோட்டாறு (நாகர்கோவில்):

மேலே இருவரும் பெரிய பணத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியை மீட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தையெல்லாம் அதற்குக் கொடுத்தார் என்பது உண்மைதான். ஆனால் ஆராதனை இன்றுவரை நிற்பதற்குக் காரணம், கட்சிகட்டித் தனித்தனியாக நடத்திக்கொண்டிருந்தவர்கள் 1940-களின் தொடக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்ததும், சன்மானம் எதிர்பாராமல் வித்துவான்கள் வந்து பாடுவதும் ஆகும். செம்பை வைத்தியநாத பாகவதர் ஆண்டுதோறும் குருவாயூர் ஏகாதசிக்குச் சீடர்களோடு அங்கே சென்று பாடிவந்ததை, 1974-இல் அவர் மறைந்த பிறகு கோயில் நிர்வாகமான தேவஸ்வம் தன் விழாவாகவே ஏற்று நடத்துவதையும் எண்ணிப் பாருங்கள். ஆகவே உறுப்பினர் சந்தாவை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள். புரவலர் வந்துவிட்டார் என்று சந்தாவை நிறுத்திய மன்றங்கள், அவர் பிள்ளைகள் காலத்தில் ஆளில்லாமல் போயின.

நடைமுறையில் ஒன்று. அரங்கம் கல்யாண மண்டபமாகிவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். ஆகட்டுமே. முகூர்த்த நாள்களில் கல்யாணத்துக்கு விட்டால் வரும் வாடகையே மின்கட்டணத்துக்கும் பெருக்குகிறவர் சம்பளத்துக்கும் ஈடாகும். மார்கழியிலும் ஆடியிலும் நம்மவர் எப்படியும் கல்யாணம் வைப்பதில்லை, கச்சேரிக்கும் நாடகத்துக்கும் அந்த மாதங்கள் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் மேடையில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதையும், பந்திக்குத் தனிக் கொட்டகை வேண்டும் என்பதையும் வரைபடம் போடும்போதே எழுதி வையுங்கள்.

சோகநாசினிக்கரை:

மூவருக்கும் நன்றி. மூலநிதியைப் பற்றி அன்பரிடம் பேசினேன், தயங்காமல் ஒப்புக்கொண்டார். அவர் இப்போது சிங்கப்பூர்க் குடிமகன் என்பதால் பணத்தை எங்கள் மன்றத்தின் கணக்குக்கு நேரே அனுப்பலாமா?

கல்பாத்திவாசி:

அனுப்பக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கிவழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை வைத்திருந்தாலும் சரி. அதைப் பெற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்னனுமதியோ வேண்டும். பணமும் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறக்கும் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை அஸ்திவாரத்துக்கு நாள் குறிக்காதீர்கள். மூலநிதிக்கான தொகை என்று அவர் தனிக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். பின்னால் வரும் செயற்குழு அதை எடுத்து நாற்காலி வாங்காமலிருக்க அந்தக் கடிதம்தான் காப்பு.