புத்தக விமர்சனத்துக்கென்று சின்னதாக ஒரு தளம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கோவில்பட்டி வாசகி:

வணக்கம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். படித்த ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் நோட்டில் ஒரு பக்கமாவது எழுதி வைப்பது பதினோரு வருடப் பழக்கம். இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது.

எழுத்தாளர்கள் கி.ரா.வும் (கி. ராஜநாராயணன்) கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஒரே கிராமத்தில் இரண்டு பேர் சாகித்திய அகாதமி விருது வாங்கியிருக்கிறார்கள். ஆனால் புதிதாக வந்த சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் புரட்டிப் பார்க்க நான் பெரும்பாலும் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. இல்லையென்றால் முகநூலில் யாரோ ‘அவசியம் வாசியுங்கள்’ என்று போட்டதை நம்பிப் பணம் அனுப்ப வேண்டும். போன தை மாதம் அப்படி 450 ரூபாய்க்கு வாங்கிய நாவலில் நாற்பது பக்கம் தாண்ட முடியவில்லை. என்னைப் போல் தூரத்தில் இருந்து வாங்குகிறவர்களுக்காக ஒரு தளம் தொடங்கலாம் என்று அப்போது தோன்றியது.

பதிப்பகங்களிடம் இலவசப் பிரதி கேட்கலாமா? கவிதை வரிகளை எடுத்துப் போடலாமா? இன்னொன்றும் உறுத்துகிறது. எனக்குப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்த ஐயா ஒரு கவிதைத் தொகுப்பு போட்டிருக்கிறார். அதில் மூன்று கவிதைகள்தான் எனக்குப் பிடித்தன. அதை என்ன செய்வது?

ஈரோட்டுக்காரன்:

வணக்கம்ங்க. ஒன்பது வருடமாக இப்படி ஒரு தளம் நடத்துகிறேன். முதலில் சொந்தமாக ஓர் இணைய முகவரி வாங்கிவிடுங்கள், வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். நான் ஆரம்பத்தில் ஓர் இலவசச் சேவையில் எழுதினேன். அதை ஒருநாள் மூடிவிட்டார்கள், நாற்பது விமர்சனங்கள் போயின. உங்கள் நோட்டை விடாதீர்கள். அதுதான் மூலப்பிரதி.

ஒவ்வொரு விமர்சனத்தின் தலையிலும் பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கம், விலை கட்டாயம் இருக்கட்டும். பொன்னியின் செல்வனையே பாருங்கள், கடையில் எத்தனை பதிப்பகங்களின் பெயரில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்! எதைப் படித்தீர்கள் என்று சொல்லாவிட்டால் வாசகர் எதை வாங்குவார்? மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரைப் போடுங்கள். மூலமொழியிலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதையும் எழுதுங்கள். இந்த விவரம் இருக்கும் பக்கத்தை நம்மில் நிறையப் பேர் திருப்பியே பார்ப்பதில்லை. ஒரு வாக்கியம் முட்டுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

நட்சத்திரம் கொடுக்காதீர்கள். மூன்றரை நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு வாசகர் என்ன செய்வார்? நாற்பதாம் பக்கத்தில் ஏன் நின்றீர்கள் என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு ஒருவர் ‘அப்படியானால் எனக்குப் பிடிக்கும்’ என்று வாங்கினாலும் அந்த விமர்சனம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

யார் படிப்பார்கள் என்ற கவலை வேண்டாம். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா விமர்சனத்துக்கு இடம் கொடுக்கவே ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். அவரும் சிறு கூட்டத்தை நம்பித்தான் இறங்கினார்.

நூலகப் பணியாளர், தஞ்சை:

மேற்கோள் பற்றி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. எழுதியவர் பெயரையும் நூலின் பெயரையும் குறிப்பிட வேண்டும். நாவலில் ஒரு பத்தி என்றால் கவலையில்லை. கவிதையில்தான் கவனம் தேவை. ஆறு வரிக் கவிதையில் ஆறு வரியையும் போட்டால் முழுப் படைப்பையும் எடுத்ததாகிவிடும். இரண்டு வரியோடு நிறுத்துங்கள்.

இலவசப் பிரதி வாங்குவது தவறில்லை, மறைப்பதுதான் தவறு. பொருளை இலவசமாகப் பெற்றுப் பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதலே வெளியிட்டது. ‘பதிப்பகம் அனுப்பிய பிரதி’ என்று ஒரு வரியை முதலிலேயே போட்டுவிடுங்கள். ஆனாலும் முதல் ஒரு வருடம் யாரிடமும் கேட்காதீர்கள் என்பதுதான் என் எண்ணம். காசு கொடுத்து வாங்கியவரின் கோபமும் சந்தோஷமும் உங்கள் எழுத்தில் இருக்கட்டும். கைக்காசு போதாதபோது உங்கள் ஊர்க் கிளை நூலகம் இருக்கிறது.

தேனி, ஓய்வு பெற்றவன்:

ஒரே ஒரு வேண்டுகோள் அம்மா. எழுத்து எவ்வளவு பெரிது என்று எழுதுங்கள். தபாலில் வரவழைத்துப் பிரித்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சு. 67 வயதுக் கண்ணுக்கு அது ஆகாது. இதை எந்த விமர்சனத்திலும் சொல்வதில்லை.

ஈரோட்டுக்காரன்:

உங்கள் ஐயா விஷயத்துக்கு வருகிறேன். தெரிந்தவர் நூலைப் பற்றி எழுதினால், தெரிந்தவர் என்று சொல்லிவிட்டு உள்ளதை எழுதுங்கள். மனசு ஒப்பவில்லையா, எழுதாமல் இருங்கள். யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. பிடிக்காததைப் பிடித்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு தடவை அப்படிச் செய்தேன். அந்த விமர்சனத்தை நம்பி வாங்கிய ஒரு மாணவர், ‘நீங்கள் நிஜமாகவே படித்தீர்களா?’ என்று கேட்டு எழுதினார். அதற்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கோவில்பட்டி வாசகி:

எல்லோருக்கும் நன்றி. முகவரி வாங்கிவிட்டேன். முதல் விமர்சனம் அந்த 450 ரூபாய் நாவலுக்குத்தான். நின்ற இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துப் படித்துக்கொண்டிருக்கிறேன், முடிக்காமல் எழுத மனமில்லை. தேனி ஐயா, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், பத்து சென்டிமீட்டருக்குள் 24 வரி இருக்கிறது. இனி எல்லா நூலுக்கும் இதை அளந்து போடுகிறேன்.

தமிழ் ஐயா தொகுப்பைத் தளத்தில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அந்த மூன்று கவிதைகளையும் அவர் முன்னால் வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.