விக்கிப்பீடியாவின் புது முகம்: பாதித் திரை காலியாகக் கிடப்பது எனக்கு மட்டும்தானா?

திண்ணைவாசி:
ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரி 18 அன்று வெக்டர் 2022 என்ற புதிய தோற்றத்துக்கு மாறியது. எனக்கு இன்னும் பழகவில்லை. 24 அங்குலத் திரையில் கட்டுரை நடுவே ஒரு பட்டையாக நிற்கிறது, இரு பக்கமும் வெறும் வெள்ளை. முன்பு இடது ஓரத்திலேயே ‘தமிழ்’ தெரியும். இப்போது மொழிகளை எல்லாம் மேலே ஒரு பொத்தானுக்குள் அடைத்துவிட்டார்கள். திரும்பப் பெறச் சொல்லி விவாதம் நடந்தபோது பழையதைக் கேட்டவர்கள்தான் அதிகம். ‘ஒருமித்த கருத்து இல்லை’ என்று முடித்துவிட்டார்கள்!

வரிக்கணக்கன்:
நாளிதழை ஏன் பத்தி பிரித்து அச்சடிக்கிறார்கள்? வரி நீண்டால், அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். அப்புறம், இரண்டாம் உலகப் போர் கட்டுரையைத் திறந்து பாருங்கள். முன்பு பொருளடக்கத்தைப் பார்க்க உச்சிக்கு ஓட வேண்டும், இப்போது அது இடப்பக்கம் கூடவே வருகிறது.

திண்ணைவாசி:
பொருளடக்கம் நல்ல வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளிதழ் உதாரணம் தமிழுக்குப் பொருந்தாது. ‘ஒருங்கிணைக்கப்பட்டிருந்தவற்றையெல்லாம்’ என்ற சொல்லை நாளிதழில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். உலாவி பெரும்பாலும் உடைக்காது, முழுசாகக் கீழே தள்ளும். மேல் வரி பல் விழுந்த வாய் மாதிரி நிற்கும்.

பழைய டிக்காரன்:
இதற்கே இவ்வளவு கோபமா? பயனர்கள் இணைப்புகளைப் பகிர்ந்து வாக்களிக்கும் டிக் (Digg) தளத்தில் இருந்தவன் நான். 2010 ஆகஸ்டில் நான்காம் பதிப்பு என்று ஒன்றை இறக்கினார்கள். பிடிக்காத இணைப்பைக் கீழே தள்ளும் ‘புதை’ பொத்தானைத் தூக்கிவிட்டார்கள். பெரிய செய்தி நிறுவனங்களின் இணைப்புகள் தானாக வந்து விழ வழி செய்தார்கள். பயனர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் பக்கம் முழுக்கப் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளாக ஏற்றிவிட்டு, அங்கேயே குடிபோனார்கள். 2012இல் டிக்கைத் துண்டு துண்டாக விற்றார்கள்.

அங்கே பழைய பதிப்புக்குத் திரும்ப வழியே இல்லை, அதுதான் கொன்றது. ரெடிட் 2018இல் முகத்தை மாற்றியபோது பழையதைத் தனி முகவரியில் விட்டுவைத்தது. விக்கியிலும் விருப்பத்தேர்வுகளில் பழைய தோற்றமான வெக்டர் 2010 அப்படியே இருக்கிறது.

திண்ணைவாசி:
கணக்கு வைத்திருப்பவருக்குத்தானே அந்த வழி? தேடுபொறியிலிருந்து வந்து படித்துவிட்டுப் போகிறவர்?

வரிக்கணக்கன்:
அகலத்தை மாற்ற அவர்களுக்கும் பொத்தான் உண்டு. தொடக்கத்தில் அடுத்த பக்கம் போனதும் மறந்துவிடும், உண்மைதான். பிறகு சரிசெய்தார்கள். 2024இல் எழுத்தளவும் இருள் நிறமும்கூட எல்லோருக்கும் வந்துவிட்டன. வலப்பக்கம் ‘தோற்றம்’ என்று இருக்கும், பாருங்கள்.

திண்ணைவாசி:
பார்த்தேன். அகலத்தை விரித்துவிட்டேன். மொழிப் பொத்தானை மட்டும் மன்னிக்க மாட்டேன்.