வெங்காயத்தாள் நான்கே நாளில் வழுவழுத்துப் போகிறது

நான்: ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வெங்காயத்தாளைக் கழுவி, கட்டைப் பிரிக்காமலேயே பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன், அத்தை. இன்று எடுத்துப் பார்த்தால் வெளித்தாள்கள் நன்றாக இருக்க, நடுவில் உள்ளவை கரும்பச்சையாகி விரலில் வழுவழுவென்று ஒட்டுகின்றன.

அத்தை: கழுவி வைத்ததுதான் வினை, அம்மா. கட்டின் நடுவில் தங்கும் ஈரம் எளிதில் உலராது. ரப்பர் பட்டை இறுக்கி நசுங்கிய இடத்தில் அழுகல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். வாங்கி வந்தவுடன் பட்டையைக் கழற்றி, வாடியதையும் ஒடிந்ததையும் நீக்கிவிட்டு, மீதியைக் கழுவாமல், நீர் தெளித்துப் பிழிந்த காகிதத் துண்டில் சுற்றி, பையின் வாயை இறுக்கிக் கட்டாமல் காய்கறித் தட்டில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். கழுவுவதெல்லாம் நறுக்குவதற்குச் சற்று முன்புதான்.

தம்பி: ஈரம்தான் கெடுக்கிறது என்கிறீர்கள், பிறகு ஈரக் காகிதம் எதற்கு, அத்தை?

அத்தை: நல்ல கேள்வி. பறித்த பின்னும் தாள் தன்னிடமுள்ள நீரை இழந்துகொண்டே இருப்பதால், சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் துவண்டுவிடும். அதற்குக் காற்றில் ஈரப்பதம் வேண்டும்; தாளின் மேல் நீர்த்துளி நிற்கக் கூடாது. காகிதத்தைப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத அளவே போதும்.

தம்பி: நான் வேரோடு ஒரு கண்ணாடிக் குவளையில் நிறுத்தி, வேர் மூழ்க இரண்டு விரற்கடை நீர் ஊற்றி, மேலே ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். படுக்க வைத்தால் சில நாளில் நுனிகள் மேல்நோக்கி வளைந்துவிடுகின்றன. நிறுத்தி வைத்தால் அந்தக் கோணல் இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற மறந்தால் மட்டும் நாற்றம் தாங்காது.

சித்தப்பா: ஆப்பிளும் பழுத்த வாழைப்பழமும் இருக்கும் இடத்தில் இதை வைக்காதீர்கள். அவை வெளிவிடும் எத்திலீன் வாயு தாளைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். திறந்து வைத்த வெண்ணெயும் பக்கத்தில் வேண்டாம். எங்கள் வீட்டு வெண்ணெயில் ஒரு முறை வெங்காய வாசனை ஏறி, ரொட்டியில் தடவ முடியாமல் போயிற்று.

நான்: இன்னொரு கட்டும் இருக்கிறது, சித்தப்பா. ஒரு வாரத்தில் தீராது.

அத்தை: அதைக் கழுவித் துணியில் ஈரம் போக ஒற்றி, நறுக்கித் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு டப்பாவில் கொட்டி மைனஸ் 18 டிகிரியில் வைத்துவிடு. ஈரத்தோடு வைத்தால் ஒரே கட்டியாகிவிடும். உறைந்தது குழைந்துபோகுமாதலால் பச்சையாகத் தூவ உதவாது. அடுப்பில் கொதிப்பதில் அப்படியே போடலாம்.

நான்: சரி, அத்தை. வழுவழுத்ததை எறிந்துவிட்டு, வேருள்ள நான்கை மட்டும் தம்பி சொன்னபடி குவளையில் நிறுத்தியிருக்கிறேன்.

தம்பி: நாளை மறுநாள் நீரை மாற்று, அக்கா.