கல்யாணக் கச்சேரி வாசிக்கிறவங்க எங்கே கத்துக்கிட்டாங்க?

வில்லாபுரம் மைக்செட்

ஒரே பாட்டை மதுரையில நாலு ஆர்க்கெஸ்ட்ரா வாசிச்சா நாலு விதமாத்தான் கேட்கும். எல்லாரும் அதே ரெக்கார்டைக் கேட்டுத்தான் நோட்ஸ் எடுக்கிறாங்க, ஒரு பிட்டுகூட விடுறதில்லை. இருந்தும் அப்படித்தான். நான் வாசிக்கிறவன் இல்லை, மைக்செட்காரன். மிக்ஸருக்குப் பின்னாடி நின்னு இவங்க கையைப் பார்த்துக்கிட்டே இருக்கிறது என் பொழைப்பு. பார்க்கப் பார்க்க எனக்குப் பிடிபட்டது இதுதான்: சினிமாப் பாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தக் கை எங்கே பழகுச்சோ, அந்த இடம் பாட்டுக்குள்ள வந்துடுது. மேடையில "கீபோர்டு நம்ம அண்ணன்"னு பேரைச் சொல்லிக் கைதட்டச் சொல்றாங்க. அண்ணன் யார்கிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டார்னு ஒருத்தரும் சொல்றதில்லை. அந்த ஆதங்கத்துலதான் இதை ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ரொம்ப நெருக்கமான கீபோர்டு அண்ணனோட அப்பா நாடக ஆர்மோனியம். திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் நடக்குமே, அந்த ஸ்பெஷல் நாடகம். நாடகத்துக்கு நம்ம ஊரு தாய்வீடு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல பால சபை ஆரம்பிச்சதே மதுரையிலதான். ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட் ஒரு ஊர்லேர்ந்து வருவார், ஸ்திரீபார்ட் வேற ஊர்லேர்ந்து வரும். ஒத்திகையே கிடையாது. ஆர்மோனியம், மிருதங்கம், பல தாள வாத்தியத்தை ஒரே ஆள் வாசிக்கிற ஆல்ரவுண்ட், மூணு பேரும் மேடையிலேயே எல்லாரையும் சேர்த்துப் பிடிக்கணும். பாடுறவர் வாயைத் திறந்ததும் எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுதின்னு ஆர்மோனியத்துக்குத் தெரியணும். அண்ணன் சின்னப் பையனா அப்பா பக்கத்துல உட்கார்ந்து அதைக் காதால வாங்கியிருக்கார்.

இப்போ கல்யாணத்துல பாருங்க. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர் திடீர்னு மேடையேறி "நானும் ஒரு பாட்டுப் பாடுறேன் தம்பி"ன்னு மைக்கை வாங்குவார். அவர் நாலரைக் கட்டையில எடுப்பார், சரணத்துல இன்னும் கொஞ்சம் ஏறிடுவார். மத்த குழுவுல சுதியை மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தேடுவாங்க. அண்ணன் பட்டனைத் தொடவே மாட்டார். ரெண்டாவது வார்த்தையில விரல் அந்தச் சுதியில உட்கார்ந்திருக்கும். மாமா ஏறினா இவரும் ஏறுவார். பாடி முடிச்சு இறங்குறப்போ மாமா முகத்துல தெரியுற சந்தோஷத்தை நான் எத்தனையோ மண்டபத்துல பார்த்திருக்கேன்.

இன்னொரு விஷயம், கிட்ட நின்னு பார்த்தாத்தான் தெரியும். ஆர்மோனியத்துல இடது கை துருத்தி போடும், வாசிக்கிறது வலது கைதான். அந்தப் பழக்கத்துல அண்ணன் கீபோர்டுலயும் எல்லாத்தையும் வலது கையிலேயே கொண்டுவந்துடுவார். கமகம், ஓட்டம் எல்லாம் அப்படி இழையும். பல சுரத்தைச் சேர்த்து அழுத்துற கார்டு (chord) போடுறது கம்மி. அதனால அந்தக் குழுவுக்கு நான் எப்பவும் கிட்டாரை ஒரு படி தூக்கி வைப்பேன்.

இப்போ லேப்டாப்புல ட்ராக் போட்டு ரெண்டு பேர் பாடுற கச்சேரி கூடிப்போச்சு. செலவு கம்மி, குறை சொல்ல முடியாது. ஆனா அந்த ட்ராக் மாமாவுக்காக ஒரு அரைக் கட்டைகூட ஏறிக் கொடுக்காது.

உங்களுக்குத் தெரிஞ்ச கலைஞர்களைப் பத்தி எழுதுங்க. பேர் வேண்டாம், அவங்க கத்துக்கிட்ட கதை போதும்.

ரிதம் பேட், சோழவந்தான் பக்கம்

அண்ணே, என் கதையையே சொல்றேன். எங்க வீடு தவில் வீடு. தாய்மாமாதான் எனக்கு ஆசான். வலது கை விரல்ல கூடு மாட்டி, இடது கையில பூவரசங்குச்சி பிடிச்சுப் பழகினவன். தவிலைத் தொட விடுறதுக்கு முன்னாடி வாயால சொல்ல வைப்பார். தகிட தகதிமி, தகதிமி தகிடன்னு கையில தாளம் போட்டுக்கிட்டே சொல்லணும். சொல்லு தடுமாறினா அன்னைக்குத் தவில் கிடையாது.

தட்டினா தாளச் சத்தம் வர்ற எலக்ட்ரானிக் ரிதம் பேடுக்கு வந்தப்போ மத்தவங்க மாதிரி சத்தங்களை அடுக்கி வைக்க என் கைக்கு ஒத்து வரல. தவில்ல கனமான சத்தம் தொப்பிப் பக்கம், அதாவது குச்சி விழுற இடது பக்கம். அதனால கிக்கையும் டோலோட அடிநாதத்தையும் இடது பக்கப் பேடுல மாத்தி வச்சேன். வலது பக்கம் முழுக்க விரல் சொல்லுக்கு. என் பேடை வேற ஆள் வாசிச்சா அவருக்குக் குழப்பமாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, நம்ம பக்கத்து நையாண்டி மேளம் ஆறு எண்ணிக்கையில ஆடுற மேளம். அந்த ஆட்டம் கையில ஊறிப்போச்சு. மெஷின்ல அடிச்ச மாதிரி நேரா நாலு நாலாப் போற பாட்டுக்குக்கூட நடுவுல ஒரு திஸ்ரம், அதாவது மூணு மூணா எண்ணுற நடை, தானா விழும். சனம் ஆடுறதும் அந்த இடத்துலதான்.

திருமங்கலம் பக்கம் ஒரு காதுகுத்து. நாங்க வாசிச்சுக்கிட்டு இருக்கோம், தாய்மாமன் சீர் மேளதாளத்தோட வாசலுக்கு வந்துடுச்சு. வழக்கமா ஆர்க்கெஸ்ட்ரா நிறுத்திடும். பாடகர் நிறுத்திட்டார், நான் நிறுத்தல. உறுமி தேய்க்கிற தேய்ப்பு காதுல விழுந்ததும் அந்த நடையை அப்படியே பேடுல பிடிச்சேன். வாசல்ல அவங்க ஒரு தீர்மானம், அதான் தாளத்தை முடிக்கிற கோர்வை, வச்சாங்க, மேடையிலேர்ந்து நான் பதில் வச்சேன். தட்டுத் தூக்கிக்கிட்டு வந்த பொம்பளைங்க நடையை நிறுத்திட்டு நின்னு கேட்டாங்க. முடிஞ்சதும் தவில்காரப் பெரியவர் மேடைக்கே வந்துட்டார்.

"தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?"

மாமா பேரைச் சொன்னேன்.

"அதானே பார்த்தேன். இடது கை அப்படியே அவரு கையில்ல."

எத்தனையோ மேடையில பொன்னாடை போட்டிருக்காங்க. இந்த வார்த்தைக்கு எதுவும் ஈடாகாது.

கீழமாசி வீதி

எங்கள் குழுவின் டிரம்பெட் அண்ணன் பேண்டு வாத்தியத்திலிருந்து வந்தவர். ஊர்வலத்தில் தெருத்தெருவாக நடந்துகொண்டே ஊதிப் பழகிய நெஞ்சு. சினிமாப் பாட்டில் நீளமாக நிற்கும் பித்தளைச் சுரங்களை அவர் நடுவில் மூச்சு வாங்காமல் பிடிப்பார். கீபோர்டில் அதே சத்தம் இருக்கிறது, கேட்டால் தட்டையாக இருக்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்று பல வீடுகளில் முதலில் வெட்டுவது டிரம்பெட்டைத்தான் என்பது வருத்தம்.

பேஸ் கிட்டார்க்காரி

நான் சர்ச்சில் வளர்ந்தவள். ஞாயிறு பாடகர் குழுவில் அம்மா ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), அப்பா பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்). வீட்டில் சமைக்கும்போதும் ஆளுக்கொரு குரலைத்தான் பாடுவார்கள். தனியாகக் கேட்டால் அப்பா பாடுவது பாட்டு மாதிரியே இருக்காது. எல்லோரும் சேரும்போதுதான் அந்தக் கீழ்க்குரல் பாட்டைத் தாங்குவது தெரியும். அதனால் எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் காது முதலில் கீழேதான் போகும்.

சர்ச் என்றால் மேற்கத்திய இசை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை அண்ணன் என்று எல்லோரும் அழைத்த தியாபிலஸ் அப்பாவு ஐயா இருந்தார். கிராமத்து மெட்டும் பறையும் ஆராதனைக்குள் வரவேண்டும் என்று உழைத்தவர். 2005-ல் காலமானார். அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததில்தான் என் போன்றவர்களுக்குப் பறையின் அடியும் நான்கு குரலும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

பிறகு இளையராஜாவைக் கேட்டபோது எனக்கு அது புது உலகமாகத் தோன்றவில்லை, வீட்டுக்குள் வந்ததுபோல இருந்தது. பண்ணைப்புரத்துக்காரர்; அன்றைக்கு அது மதுரை மாவட்டம், இன்று தேனி. அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாக வாசித்து வளர்ந்தவர். சென்னைக்குப் போய்த் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். மேடைக் கச்சேரி வாசிப்பவர்களைக் காப்பி அடிப்பவர்கள் என்று சொல்பவர்கள், அவருடைய பேஸ் ஓட்டம் ஒன்றை எடுத்துப் பார்க்கட்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஹெட்போனில் ஒவ்வொரு சுரமாகப் பிடித்து எழுதுவேன். சரணத்தில் பல்லவியின் அதே ஓட்டம் வராது, இரண்டாவது சரணத்தில் இன்னொன்று மாறியிருக்கும். வேறொரு பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதை வாசிக்கும்போது எனக்கு அப்பாவின் குரல்தான் நினைவு.

மைக்செட் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். பாடகர் குரலுக்கு இடம் வேண்டும் என்று எங்களை அடியோடு இறக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் ஏற்றி வையுங்கள்.

வில்லாபுரம் மைக்செட்

ஏத்திடுவோம்மா. ஆனா நம்ம மண்டபங்கள்ல பாதி இடத்துல சுவர் மொட்டைச் சுவர், மேலே தகரக் கூரை. அடிச்சத்தம் போய் இடிச்சுத் திரும்பி வந்து பாட்டையே மூடிடும். குரல் கேட்கலைன்னா பெண் வீட்டுக்காரங்க நேரா என்கிட்டதான் வருவாங்க. துணி கட்டின பந்தல்னா நீ கேட்கிற அளவுக்கே வைக்கலாம்.

முனிச்சாலைப் பொண்ணு

எங்க பெரியப்பா ஆர்க்கெஸ்ட்ராவுல டி.எம்.எஸ். பாட்டு மட்டும் பாடுவார். நாங்க சௌராஷ்டிரர், வீட்டுல தறி. டி.எம்.எஸ். எங்க சமூகம், 1922-ல இதே மதுரையில பிறந்தவர்ங்கிறதுல பெரியப்பாவுக்கு அப்படியொரு பெருமை. ஆனா பெரியப்பா பாட்டுக் கத்துக்கிட்டது பஜனையில. மார்கழி விடியக்காலையில தாத்தா தோள்ல உட்கார்ந்து நடனகோபால நாயகி சுவாமிகள் கீர்த்தனை கேட்டவர். சுவாமிகள் சௌராஷ்டிரத்துலயும் பாடியிருக்கார், தமிழ்லயும் பாடியிருக்கார். ரெண்டும் பெரியப்பாவுக்கு மனப்பாடம்.

பஜனையில முன்னாடி ஒருத்தர் ஒரு அடி பாடுவார், கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். அந்தப் பழக்கம் பெரியப்பாகிட்ட இன்னும் இருக்கு. மேடையில பல்லவியை ஒரு தடவை பாடிட்டு, அடுத்த தடவை கடைசி வார்த்தையை விட்டுட்டுக் கையை நீட்டுவார். சாப்பாட்டுப் பந்தியிலேர்ந்து சத்தம் வரும். புதுசா சேர்ந்த கீபோர்டு தம்பி அந்த இடத்தை ஒரு பிட்டு வாசிச்சு நிரப்பப் போனான். "அது சனத்தோட இடம்டா தம்பி, விடு"ன்னார்.

வீட்டுல நாங்க பேசுறது சௌராஷ்டிரம். ஆனா அவர் பாட்டுல லகரம், ழகரம், ளகரம் மூணும் தனித்தனியா விழும். அது டி.எம்.எஸ். ரெக்கார்டைக் கேட்டுக் கேட்டுத் தீட்டினது.

மேலூர் ரோடு

அழகரைப் புகழ்ந்து பாடுற அழகர் வர்ணிப்புப் பாடுறவங்க யாராவது ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வந்திருக்காங்களா? கேட்க ஆசையா இருக்கு.

ரிதம் பேட், சோழவந்தான் பக்கம்

ஒருத்தர் எங்க குழுவிலேயே இருக்கார். வர்ணிப்பு தாளத்துக்குக் கட்டுப்படாம நீளமா இழுத்துப் பாடுறதுங்கிறதால, பல்லவிக்கு முன்னாடி தாளம் இல்லாம வர்ற தொகையறாவுல ஆரம்பிக்கிற பாட்டு எல்லாமே அவருக்குத்தான். மத்த பாடகர்கள் தொகையறாவையும் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே பாடுவாங்க, அது கேட்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும். இவர் வார்த்தையோட பொருளைப் பார்த்து எங்கே நிக்கணுமோ அங்கே நிப்பார். நாங்க சுதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு, பல்லவி எடுக்கிறப்போ அவர் தலையசைப்பைப் பார்த்துத்தான் உள்ளே வருவோம். முதல் தடவை கூட வாசிக்கிறவங்களுக்கு அது பழகக் கொஞ்ச நாளாகும்.

சித்திரையில மட்டும் அவர் கச்சேரி ஒத்துக்க மாட்டார். அழகர் மலையை விட்டு இறங்கினதுலேர்ந்து திரும்பிப் போய்ச் சேர்ற வரைக்கும் அவர் வழிநெடுக மண்டகப்படியில பாடிக்கிட்டு இருப்பார். அந்த நாள்ல விசேஷம் வச்சிருக்கிறவங்க வேற பாடகருக்கு இப்பவே சொல்லி வச்சிடுங்க. ராத்திரி பத்து மணிக்கு மைக்கை நிறுத்தணும்ங்கிறதையும் மனசுல வச்சு, ஆறு மணிக்கே ஆரம்பிக்கிற மாதிரி பாருங்க.