மாலைக்குள் தீரும் 2 ஜிபி: வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பத்தாவுக்குத் துணையாகச் செட்டிநாட்டில், கானாடுகாத்தான் வீட்டில் இருந்தபடியே அலுவலக வேலை பார்க்கிறேன். கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் கதி. சுவர்களின் கனத்தில், வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் சிக்னல் எட்டிப் பார்ப்பதில்லை. முகப்புத் திண்ணைதான் அலுவலகம். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் விசாரித்துவிட்டே நகர்கிறார்கள்.

நாளுக்கு 2 ஜிபி டேட்டா. நான்கு மணிக்குள் தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடுகிறது. மடிக்கணினியில் டேட்டா செலவைக் குறைக்கும் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' வைத்ததும் விண்டோஸ் அப்டேட் ஓரளவு அடங்கியது. வாட்ஸ்அப் தானியங்கிப் பதிவிறக்கத்தையும் நிறுத்தினேன். அப்பத்தாவின் கோயில் வீடியோக்களின் தரத்தை 480பிக்குக் குறைத்தேன். சாமி முகமே தெரியவில்லை என்று மறுநாளே திட்டு.

ஹாட்ஸ்பாட்டில் ஒவ்வொரு கருவிக்கும் தனி வரம்பு வைக்க முடியுமா? வெளி ஆன்டெனா பொருத்தும் 4ஜி ரவுட்டரை இப்படிப்பட்ட வீட்டில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? சுவரைத் துளைக்க மட்டும் அப்பத்தா விடமாட்டார்.