கிரேப்ஸ் ஆஃப் ராத் 1939: உறையின் கீழ் மூலையை வெட்டியிருக்கிறார்கள், முதல் அச்சுதானா?

கரையான்:
வணக்கம். ஜான் ஸ்டைன்பெக்கின் நாவல், நியூயார்க் வைக்கிங் பிரஸ் வெளியீடு. திருப்பி அனுப்ப ஒரு வாரம்தான் அவகாசம். காப்புரிமைப் பக்கத்தில் 'முதல் வெளியீடு ஏப்ரல் 1939' என்ற வரி இருக்கிறது. மேலுறையின் முன் உள்மடிப்பில், மேலே 2.75 டாலர் விலை அப்படியே இருக்கிறது. கீழ் மூலை மட்டும் முக்கோணமாக வெட்டப்பட்டிருக்கிறது. "பரிசு கொடுப்பவர்கள் விலையை வெட்டுவது வழக்கம்தான்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பைண்டர்:
விலைதான் மேலே இருக்கிறதே, கீழே எதை வெட்டினார்களாம்? இந்த நாவலின் முதல் அச்சு உறையில் கீழ் மூலையில்தான் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று அச்சாகியிருக்கும். பிந்தைய அச்சுகளின் உறையில் அது கிடையாது. அந்த இடம் காலியாக இருப்பது தெரியக்கூடாது என்றும் வெட்டியிருக்கலாம். எவரோ விவரம் தெரியாமலும் வெட்டியிருக்கலாம். எதுவானாலும், உறைக்கான சாட்சி போய்விட்டது.

புத்தகத்தையும் உறையையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலில் புத்தகம்: ஏப்ரல் 1939 வரிக்குக் கீழே இரண்டாம், மூன்றாம் அச்சு என்று எதுவும் இருக்கக்கூடாது. வெளிர் பழுப்புத் துணி பைண்டிங், அதில் செம்பழுப்புச் சித்திரம், மேல் விளிம்பில் மஞ்சள் சாயம் (மங்கியிருக்கலாம்), 619 பக்கம். முன் பின் உட்தாள்களில் (அட்டையின் உட்புறம் ஒட்டிய தாள்கள்) 'பேட்டில் ஹிம் ஆஃப் த ரிபப்ளிக்' பாடல் இருக்க வேண்டும். பின் அட்டையின் கீழ்ப்பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மையில்லாமல் அழுத்திய சின்னக் குழி முத்திரை தெரிந்தால் புக் கிளப் பிரதி (வாசகர் சங்க உறுப்பினர்களுக்காகத் தனியே அச்சிட்டது) என்று சந்தேகப்படலாம்.

தாள்வாசி:
உறை இன்றைக்கு அச்சடித்த நகலா என்பதையும் பார்த்துவிடுங்கள். இருட்டறையில் 365 நானோமீட்டர் யூவி டார்ச் அடியுங்கள். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருளை 1950-ஐ ஒட்டித்தான் காகிதத்தில் கலக்க ஆரம்பித்தார்கள். உறை முழுக்க நீலவெள்ளையாக மின்னினால் அது 1939 தாள் இல்லை. ஒட்டுப்போட்ட துண்டு மட்டும் மின்னினால் அது பிற்கால ரிப்பேர். மின்னவில்லை என்பதற்காக அசல் என்று முடிவு கட்டாதீர்கள். ஒளிர்பொருள் இல்லாத தாள் இன்றும் கிடைக்கிறது.

அடுத்து 10 மடங்கு லென்ஸ். உள்மடிப்பில் உள்ள சிறிய எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்தின் ஓரம் கெட்டியாக இருக்கும். ஸ்கேன் செய்த நகலில் எழுத்தே வண்ணப் புள்ளிகளாக உடையும். இன்னொன்று, மடிப்பு விரிசலை நகத்தால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரிகிற கிழிசல் நகத்தில் தட்டாவிட்டால் அது கிழிசலின் படம்தான்!

கரையான்:
பார்த்துவிட்டேன். அச்சு வரி வேறில்லை, மஞ்சள் சாயம் உண்டு, முத்திரை இல்லை. உறை மின்னவில்லை, எழுத்து கெட்டி, கிழிசலும் நிஜம். என்னிடம் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலின் 1925 பிரதி ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதே வழிதானா?

பைண்டர்:
இல்லை, பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழி மாறும். அது ஸ்க்ரிப்னர்ஸ். முதல் அச்சுக்கு அவர்கள் 'ஏ' எழுத்தைப் போட ஆரம்பித்ததே 1930-இல்தான். 1925 பிரதியில் அதைத் தேடாதீர்கள். 205-ஆம் பக்கம் 9-10 வரிகளில் 'சிக் இன் டயர்ட்' என்றும், 60-ஆம் பக்கம் 16-ஆம் வரியில் 'சாட்டர்' என்றும் இருந்தால் முதல் அச்சு. அடுத்த அச்சில் 'சாட்டர்' போய் 'எக்கோலேலியா' வந்துவிட்டது.

தாள்வாசி:
ஸ்டைன்பெக் உறைக்கு ஒரு சோதனை பாக்கி. உள்மடிப்பு பல வருடம் உட்தாளில் படிந்தால் அதன் வடிவில் நிறவேறுபாடு விழும். மடிப்பை மெல்லத் தூக்கி, வெட்டிய மூலைக்கு நேர் கீழே பாருங்கள். அங்கேயும் முக்கோணம் பதிந்திருந்தால் வெட்டு பழையது. தடம் சதுர மூலையாகவே இருந்தால், அண்மையில் வெட்டியிருக்கிறார்கள், அல்லது வேறு பிரதியின் உறையைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்.

கரையான்:
தடம் சதுரமாகத்தான் இருக்கிறது.

பைண்டர்:
அப்படியென்றால் இன்றைக்கே விற்பவருக்கு எழுதுங்கள்: "புத்தகம் முதல் அச்சு, உறை எந்த அச்சு என்று நிறுவ முடியாது, கீழ் மூலை வெட்டப்பட்டது." அந்தத் தடத்தைப் போட்டோ எடுத்து இணையுங்கள். இந்த விவரிப்புக்கு ஏற்ப விலையைக் குறைத்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் திருப்பி அனுப்புங்கள். அதுவரை உறையில் டேப் எதுவும் ஒட்டாதீர்கள்.