முப்பது ஆண்டுகளாக நின்றுபோன ரைஸ் மில் ஆயில் என்ஜினை ஓட்டிப் பார்க்கலாமா?

கேள்வி: புதுவயல்காரன்

அனைவருக்கும் வணக்கம். புதுவயலுக்கு அருகில், கரண்ட் மோட்டார் வந்தபின் கைவிடப்பட்ட பழைய ரைஸ் மில் ஒன்றின் கொட்டகையில், ராஜ்கோட்டில் செய்த லிஸ்டர் வகை ஒற்றைச் சிலிண்டர் ஆயில் என்ஜின் சுமார் முப்பது ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. பழைய இரும்புக்குப் போடவிருந்த ஆச்சியிடம், நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் வந்து கூலியில்லாமல் சீர்செய்கிறோம் என்று கேட்டோம். "ஐயா காலத்துச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் ஓய்வுபெற்ற டீசல் ரயில் என்ஜின்களைத் தன்னார்வலர்கள் சீர்செய்து மீண்டும் ஓட்டும் காணொளிகளைப் பார்த்துத்தான் எங்களுக்கு இந்த ஆசை வந்தது.

தகட்டில் நிமிடத்துக்கு 650 சுற்று என்பது மட்டும் தெரிகிறது. நான்கு பேர் பிடித்தும் பிளைவீல் நகரவில்லை. டிராக்டரில் பெல்ட் மாட்டி இழுக்கலாமா?

பதில்: பொன்மலை ஷெட் ஓய்வூதியர்

தம்பி, டிராக்டரைக் கொட்டகைப் பக்கமே கொண்டுவர வேண்டாம். காரைக்குடி வழியாக மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் ரயில் என்ஜின்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அதிலிருப்பது ஆறு சிலிண்டர் ஆல்கோ என்ஜின். பேட்டரி மின்சாரத்தை மெயின் ஜெனரேட்டருக்குக் கொடுத்து, அதையே மோட்டாராகச் சுழல வைத்துத்தான் ஸ்டார்ட் செய்வோம். ஆனால் நெடுநாள் நின்ற வண்டியில் ஸ்டார்ட் பட்டனைத் தொடுமுன், சிலிண்டர்களின் சோதனைத் திறப்புகளை (டெஸ்ட் காக்) திறந்துவைத்து, கடப்பாரை போட்டு என்ஜினைக் கையாலேயே முழுச் சுற்றுத் திருப்புவோம். லைனர் சீல் வழியாகவோ ஹெட் வழியாகவோ சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அப்போது வெளியே வந்துவிடும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. அதன்மேல் பிஸ்டன் வேகமாக ஏறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

உங்கள் என்ஜினுக்கும் இதே நியாயம்தான். சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரமாவது ஊறவிடுங்கள். பிறகு பிளைவீலை ஒரே பக்கமாக முக்கித் தள்ளாமல், முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். அதற்குமுன் வால்வுகள் இரண்டும் தடையின்றி ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். வால்வு பிடித்துக்கொண்டிருக்கும்போது திருப்பினால் புஷ் ராடு வளையும். கிராங்க் கேஸின் கதவைத் திறந்து பழைய எண்ணெய்க் கசடு முழுவதையும் வழித்தெடுத்து, பேரிங்குகளுக்குக் கையாலேயே எண்ணெய் விடுங்கள். பலரும் மறப்பது ஒன்று உண்டு: ஊற விட்ட எண்ணெய் பிஸ்டன்மேல் தேங்கி நிற்கும்போது நாசிலை மாட்டிச் சுழற்றினால் அதுவும் தண்ணீர் செய்யும் அதே கேட்டைச் செய்யும். ஆகவே நாசில் இல்லாமலேயே பல சுற்றுகள் திருப்பி, அத்தனையும் வெளியேறிய பிறகே மாட்டுங்கள்.

பதில்: காரைக்குடி மெக்கானிக்

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். டீசல் டேங்கின் துருவை நீக்கி, பைப்பிலுள்ள காற்றை எடுத்தபின், நாசிலை வெளியே வைத்தே பம்பை அடித்துப் பாருங்கள். புகைபோல மெல்லிய தூவலாக வர வேண்டும். தாரையாக ஒழுகினால் ஓடாது. தூவலின் முன்னே கையை நீட்டவே கூடாது, அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை விடுபட்டுக்கொள்ளும்.

புதுவயல்காரன்

பதினோரு நாள் ஊறியபின் நேற்று பிளைவீல் முதலில் விரற்கடை அளவும், மாலைக்குள் முழுச் சுற்றும் நகர்ந்தது. நாசில் துளையிலிருந்து ஊற்றிய எண்ணெயோடு துருநீரும் பீறிட்டு வந்தது. டிராக்டரில் இழுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது. அடுத்த ஞாயிறு ஓட்டிப் பார்க்கலாமா, ஐயா?

பொன்மலை ஷெட் ஓய்வூதியர்

டீசல் பம்பில் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு, விரலால் தள்ளினால் தடையின்றிப் போய்த் திரும்பினால் மட்டும் ஓட்டலாம். அது முழு டீசல் நிலையில் சிக்கிக்கொண்டால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் அடக்க முடியாது. 650 சுற்றைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். ரயில் என்ஜினில் அளவு மீறினால் தானாக நிறுத்தும் ஓவர் ஸ்பீடு ட்ரிப் இருக்கிறது, உங்களிடம் இல்லை. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று வாயை முழுவதும் மூடும் அளவுக்குப் பலகை ஒன்றை அறுத்து, ஒருவர் கையில் கொடுத்துப் பக்கத்தில் நிற்க வையுங்கள்; வேகம் மீறினால் அதைக் காற்று வாயில் வைத்து மூடி என்ஜினை அணைக்கட்டும். பிளைவீலில் விரிசல் இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள்; அது சுழலும் கோட்டுக்கு நேரே எவரும் நிற்க வேண்டாம். முதல் ஓட்டம் லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் போதும். நிறுத்தியபின் பேரிங் சூட்டைத் தொட்டுப் பார்த்து எழுதுங்கள். ஆச்சிக்கு நாற்காலியை வாசலுக்கு வெளியே போடுங்கள்.